அனுமதிச் சீட்டு மேசையில் முடிந்துவிடக் கூடாது

சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் விடுமுறைகளை ஒட்டி, பினாங்கின் பிறையிலும் மாக் மண்டினிலும் உள்ள பல ஆலைகள் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் பெரிய பராமரிப்பு வேலைகளைச் செய்கின்றன. அந்த நாட்களில் தொட்டிகளுக்குள் இறங்குகிறவர்களும், குழாய்களைக் கழற்றுகிறவர்களும், திருகுக் கன்வேயருக்குள் கை விடுகிறவர்களும் பெரும்பாலும் ஆலையின் நிரந்தரத் தொழிலாளர்கள் அல்லர், கான்ட்ராக்டரின் ஆட்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள். பிறையில் சமையல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். ஆபத்தான ஒரு வேலையைத் தொடங்கலாம் என்று ஆலை எழுதித் தரும் பணி அனுமதிச் சீட்டில் இடப்படும் ஒவ்வொரு கையெழுத்தும் வேலை நடக்கவிருக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று இடப்பட வேண்டும். அந்த இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்த பூட்டின் சாவி, அதற்குள் கை வைக்கப் போகிறவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால், எத்தனை படிவங்களை நிரப்பினாலும் அவை யாரையும் காப்பாற்றுவதில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது ஆலைகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் மேசைமேல் சீட்டுகள் அடுக்காக வருகின்றன. மேற்பார்வையாளருக்கு எட்டு மணிக்குக் கூட்டம் இருக்கிறது. நேற்றைய சீட்டைப் பார்த்து இன்றைய சீட்டு எழுதப்படுகிறது. 'தனிமைப்படுத்தப்பட்டது', அதாவது மின்சாரமும் குழாய்களும் துண்டிக்கப்பட்டுவிட்டன, என்ற கட்டத்தில் ஒரு குறி விழுகிறது. அந்தக் குறியை இட்டவர் வால்வைப் பார்க்கவில்லை. வால்வை மூடியவர் சீட்டைப் பார்க்கவில்லை. வேலை செய்யப் போகிறவர் இரண்டையும் பார்க்கவில்லை.

மூடிய வால்வை நம்பி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவதை என்னால் ஏற்க முடியாது. பல ஆண்டுகள் உழைத்த வால்வு முழுமையாக மூடியதுபோல் கைக்குத் தோன்றும், உள்ளே கசிந்துகொண்டிருக்கும். ஆகவே குழாயைக் கழற்றி இரும்புத் தகட்டால் அடைக்க வேண்டும், அல்லது குழாயின் ஒரு துண்டையே நீக்கிவிட வேண்டும். மின் இயந்திரங்களிலும் இதே கவனம் தேவை. சுவிட்சை அணைத்துப் பூட்டி, எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்ட பிறகு, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி இயந்திரம் அசையவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். தவறான பிரேக்கரைப் பூட்டியிருந்தால் அது அப்போதுதான் தெரியவரும். மின்சாரம் போன பின்னும் குழாயில் நீராவி அழுத்தம் நிற்கும், தூக்கி நிறுத்திய பாகம் தன் எடையால் இறங்கக்கூடும், சுருள்வில் இழுபட்ட நிலையிலேயே இருக்கும். இவை எதுவும் மேசையிலிருந்து கண்ணில் படுவதில்லை.

நைட்ரஜனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் கெடாமல் இருக்கத் தொட்டிகளின் மேற்பகுதியை நைட்ரஜனால் நிரப்பி வைப்பது நம் வட்டாரத்து ஆலைகளில் சாதாரணமானது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால் அதைப் பார்த்து யாரும் அஞ்சுவதில்லை. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. மூச்சுத் திணறல் என்ற எச்சரிக்கைகூட வராது, ஏனென்றால் உடலில் கரியமில வாயு தேங்கும்போதுதான் நமக்குத் திணறுகிறது; நைட்ரஜனுக்குள் நிற்பவர் அதை வழக்கம்போல் வெளியேற்றிக்கொண்டே இருப்பார். ஆக்ஸிஜன் மிகக் குறைந்த காற்றை ஓரிரு முறை உள்ளிழுத்தாலே நினைவு தவறிவிடும். அதனால்தான் உள்ளே இறங்குவதற்கு முன் ஆக்ஸிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று கருவியால் அளக்க வேண்டும், அதுவும் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று உயரங்களில். ஆக்ஸிஜனை முதலில் அளப்பதற்கும் காரணம் உண்டு: எரிவாயுவை அளக்கும் பரவலான உணரிகள் ஆக்ஸிஜன் போதாத இடத்தில் தவறான அளவையே காட்டும்.

ஒருவர் மயங்கி விழுந்ததும் அவரைக் காப்பாற்ற அடுத்தவர் அப்படியே இறங்கிவிடுகிறார். தொட்டி போன்ற அடைபட்ட இடங்களில் நேர்ந்த மரணங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எச்சரித்தது. நண்பனுக்காகக் குதிக்கிற அந்த மனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாயிலில் காவல் நிற்பவர் உள்ளே இறங்கவே கூடாது என்பதும், மேலிருந்தே இழுத்தெடுக்கும் கயிறும் அதைத் தாங்கும் மூன்று கால் சட்டமும் முன்கூட்டியே பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அந்த மனத்தை மதிக்கிற ஏற்பாடுகள்.

சீட்டு கைமாறாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1988 ஜூலை 6ஆம் தேதி வடகடலில் எரிந்துபோன பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையைவிடப் பெரிய சான்று இல்லை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றி, அந்த இடத்தை ஒரு மூடியால் தற்காலிகமாக அடைத்திருந்தார்கள். பம்புக்கு ஒரு சீட்டு, வால்வுக்கு வேறொரு சீட்டு. இரவு ஷிப்டில் மற்றொரு பம்பு நின்றுபோனபோது, வால்வு கழற்றப்பட்டிருப்பதை அறியாமல் இந்தப் பம்பை இயக்கினார்கள். கசிந்த வாயு வெடித்து, 167 பேர் இறந்தார்கள். நீதிபதி லார்ட் கல்லன் 1990இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, அந்த மேடையின் பணி அனுமதி முறையில் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டியது. அங்கேயும் படிவங்கள் இருந்தன, கையெழுத்துகள் இருந்தன. இன்றும் ஷிப்டு மாறும்போது பழைய மேற்பார்வையாளரும் புதியவரும் சேர்ந்து, திறந்து கிடக்கும் ஒவ்வொரு வேலையையும் நடந்துபோய்ப் பார்க்கும் ஆலைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறேன், மனம் சமாதானமடைவதில்லை.

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் பின்தங்கியிருக்கவில்லை. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. முதலாளியின் அடிப்படைக் கடமைகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. கான்ட்ராக்டரின் ஆட்களுக்கும் வேலை கொடுத்த நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். இந்த உரிமை கான்ட்ராக்டரின் ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட சீட்டில் தனக்குப் புரியாத இடத்தில் கையெழுத்திடும் நேபாளத்து இளைஞருக்கு, அவருடைய மொழி தெரிந்த ஒருவர் இயந்திரத்தின் முன்னால் நின்று விளக்காதவரை, அந்தச் சட்டப் பிரிவு இருந்தும் இல்லாததுதான்.

இப்படிச் செய்தால் நேரமாகும் என்பார்கள். ஆகும், உண்மைதான். நான்கு நாள் நிறுத்தத்தில் முதல் அரை நாள் அடைப்பதற்கும் அளப்பதற்குமே போய்விடும். அந்த அரை நாளுக்குக் கூலி தராமல் கான்ட்ராக்டரிடம் மிகக் குறைந்த விலை கேட்பதால்தான், அவர் தம் ஆட்களை அவசரப்படுத்துகிறார். அடுத்த நிறுத்தத்துக்கான விலைப்புள்ளிகளைக் கோரும் ஆலை மேலாளர்கள், தனிமைப்படுத்தல் நேரத்தையும், ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பூட்டையும், வாயு அளப்பவரின் ஊதியத்தையும் விலைப்பட்டியலில் தனித்தனி வரிகளாகச் சேர்த்து, அவற்றைப் பேரம் பேசக் கூடாதவை என்று குறிப்பிட வேண்டும். அந்த வரிகள் இல்லாத வேலைக்கு விலைப்புள்ளி கொடுக்க வேண்டாம் என்று, கான்ட்ராக்ட் தொழில் நடத்தும் நம்மவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.