ஓஹியோ கல்யாண லைசென்ஸ்: பரவும் தகவல் தப்பு

"அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் புரோபேட் கோர்ட்டில் (உயில், கல்யாண லைசென்ஸ் போன்றவற்றைக் கவனிக்கும் கவுண்டி, அதாவது மாவட்ட, கோர்ட்) லைசென்ஸ் வாங்கினாலே கல்யாணம் பதிவாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தப்பு. லைசென்ஸ் என்பது கல்யாணம் செய்துகொள்ள அனுமதி மட்டும்தான், அதுவும் 60 நாளைக்குத்தான் செல்லும். அதற்குள் கல்யாணம் நடந்து, நடத்தி வைத்தவர் கல்யாணம் நடந்ததற்கான சான்றை லைசென்ஸ் கொடுத்த அதே கோர்ட்டுக்கு 30 நாளுக்குள் திருப்பி அனுப்பினால்தான் பதிவு ஆகும். இதை அவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், சடங்கு முடிந்த களைப்பில் காகிதம் பையிலேயே கிடந்துவிடும்.

அப்புறம், கல்யாணப் பதிவின் சான்றளித்த நகலுக்கு மாநில சுகாதாரத் துறைக்கு எழுதாதீர்கள், அங்கே கிடைக்காது. லைசென்ஸ் கொடுத்த கோர்ட்டில்தான் கிடைக்கும்; ஓஹியோவின் கொலம்பஸ் நகரில் வாங்கிய லைசென்ஸ் என்றால் பிராங்க்ளின் கவுண்டி புரோபேட் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும்.