மேடையில் தள்ளிவிட்டால் பயம் போய்விடுமாம்

பேசப் பயந்த ஒரு பெடியனை ஊக்கப் பேச்சாளர் ஒருவர் மேடையில் நிறுத்திவைத்த அந்த வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் திரும்பப் பகிரப் போவதில்லை. அந்தப் பெடியனின் முகம் ஏற்கனவே போதுமான அளவு ஊர் சுற்றிவிட்டது. வாய் திறக்க முடியாமல் நடுங்கிய பிள்ளையின் கையில் மைக்கைத் திணித்து, "பேசும் வரைக்கும் இறங்க விடமாட்டேன்" என்று சிரித்த அந்த ஊக்கப் பேச்சாளரைக்கூட விடுங்கள், அது அவருடைய பிழைப்பு. கீழே வந்து "இதுதான் சரியான வைத்தியம் சேர்" என்று எழுதியவர்கள்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அதில் சிலர் ஆசிரியர்கள். சிலர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

மேடையில் தள்ளிவிடுவது வைத்தியம் இல்லை. இந்தப் பதிவில் இதைப் பல தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். சமூகப் பதற்றம் (social anxiety) என்கிற மனநலப் பிரச்சினை அப்படிப் போகாது. பெரும்பாலும் 13 வயதை ஒட்டித் தொடங்கும். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள், பிழை பிடிக்கிறார்கள் என்ற எண்ணம் விடாது. நாலு பேர் முன்னால் பேச மட்டுமல்ல, கன்டீனில் ஒரு ரோல்ஸ் கேட்டு வாங்கவும் முடியாமல் போகும்.

என் பெறாமகளுக்கு, அதாவது அக்காவின் மகளுக்கு, 15 வயது. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) கொழும்பு பம்பலப்பிட்டியில் டியூஷன். திரும்பி வருவது 100ஆம் இலக்க பஸ்ஸில். வீடு வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டி, ஆட்கள் அதிகம் இறங்காத ஒரு தரிப்பிடத்தில். கண்டக்டருக்குக் கேட்கிற மாதிரி "பஹினவா" (சிங்களத்தில் "இறங்கிறன்") என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவளால் முடியாது. தன் சிங்களத்தைக் கேட்டு முழு பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும் என்ற பயம். யாராவது இறங்கும் வரை நின்றுகொண்டே போய், பல நாள் தெஹிவளையில் இறங்கி, காலி (Galle) வீதி வெயிலில் திரும்பி நடந்திருக்கிறாள். அக்கா கேட்டால் "கிளாஸ் பிந்தி விட்டவை" என்பாள்.

அவளுக்கும் உங்கள் வைத்தியம் பார்க்கப்பட்டது. ஒரு பிறந்தநாள் வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தி, தேவாரம் பாடச் சொன்னார். முதல் வரியோடு குரல் நின்றுவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள், நல்ல மனதோடுதான். அதற்குப் பிறகு அவள் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கும் வரவில்லை. பயம் பறந்ததா? பிள்ளைதான் வீட்டுக்குள் போய் ஒளிந்தது.

சரி, "பயத்தை முகம் கொடுத்துத்தானே தாண்ட வேண்டும், உங்கட சைக்கோலஜியே அதைத்தானே சொல்லுது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இது ஒன்றுதான் நியாயமான கேள்வி, அதனால் ஆறுதலாகப் பதில் சொல்கிறேன். ஆமாம், சிபிடி என்கிற பேச்சுச் சிகிச்சையில் பயத்துக்கு முகம் கொடுக்கத்தான் வைப்பார்கள். ஆனால் எதை, எப்போது என்று பிள்ளையும் சேர்ந்துதான் முடிவெடுக்கும். பிறகு இந்தச் சிகிச்சைக்குப் போனபோது என் பெறாமகள் செய்த முதல் வேலை, கடையில் ஒரு பேனையின் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் வருவது. போவதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறாள் என்பதை எழுதினாள்: "அந்த அங்கிள் ஏசுவார், எல்லாரும் பார்ப்பினம்." வந்த பிறகு நடந்ததை எழுதினாள்: அங்கிள் போனில் இருந்தார், நிமிரவே இல்லை.

அது மட்டுமல்ல. பேசும் முன் வசனத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பது, கண்ணைப் பார்க்காமல் போனை நோண்டுவது எல்லாம் பாதுகாப்பு மாதிரித் தெரிந்தாலும் பயத்தை வளர்ப்பவை. அவற்றை ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அவள் கதைப்பதை வீடியோ எடுத்து அவளுக்கே காட்டினார்கள். "சித்தி, நான் நினைச்ச அளவு நடுங்கேல்ல" என்றாள். அந்த வீடியோ அறையை விட்டு வெளியே போகவில்லை, கவனியுங்கள். அக்காவுக்கும் வீட்டுப்பாடம் இருந்தது: யாராவது பிள்ளையிடம் கேள்வி கேட்டால் முந்திக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. அக்காவுக்கு அதுதான் பெரிய சோதனை.

எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வைத்தியர்களுக்கு வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலில், பிள்ளைகளுக்கு இதற்குச் சிபிடி கொடுங்கள், 45 நிமிடப்படி 8 முதல் 12 அமர்வுகள், மருந்தை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று இருக்கிறது. மைக்கைத் திணிக்கச் சொல்லி எங்கும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

"எங்கட காலத்தில இதெல்லாம் இருந்ததே?" இருந்தது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்கள், கலியாண வீட்டில் குசினிக்குள்ளேயே நின்றவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருந்தார்கள். "அவ அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு நீங்கள் சாப்பிடப் போனீர்கள்.

"எல்லாம் ஃபோனால வாறது." சரி அம்மா, நன்றி.

"காசுள்ள ஆக்களுக்கு நீங்க சொல்லலாம்." இது சுட்டது, ஏனென்றால் பாதி உண்மை. தனியாரிடம் ஒவ்வொரு அமர்வுக்கும் கட்டும் காசு சின்னக் காசு இல்லை. அக்கா ஒரு காப்பை அடகு வைத்தாள், இதையும் எழுத வேண்டுமா? ஆனால் பொரளை ரிஜ்வே சீமாட்டி சிறுவர் ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிறார்கள், தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்தும் கதைக்கலாம். டியூஷனுக்கு மாதாமாதம் கட்டும்போது யாரும் "காசுள்ள ஆக்கள்" என்று சொல்வதில்லையே.

காசை விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது, அதை ஏன் யாரும் கேட்கவில்லை? கொழும்பில் தமிழில் இதைச் செய்யக்கூடியவரைத் தேடிப் பிடிப்பது. முதலில் போன இடத்தில் அவருக்குத் தமிழ் தெரியாது, அக்கா பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். அம்மாவுக்குத் தெரியக் கூடாத விஷயத்தை 15 வயசுப் பிள்ளை அம்மாவின் வாய் வழியாகச் சொல்லுமா? ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாள். "பிள்ளை ஒத்துழைக்கேல்ல" என்று எழுதினார்கள். இதற்கு ஒரு பதிவு போடுங்களேன் பார்ப்போம், அந்தப் பெடியனைக் கிண்டலடித்த அதே வேகத்தில்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, சொந்தத்தில் ஒருவர் மோப்பம் பிடித்துவிட்டார். இன்பாக்ஸில் வந்திருக்கிறார்: "பிள்ளையைப் பற்றி உதெல்லாம் போடாதையும், நாளைக்குக் கலியாணம் பேசி வாற நேரம் கரைச்சல்."

அவள் முதலில் ஓ.எல். சோதனை எழுதட்டும் அண்ணி. இப்போதுதான் "பஹினவா" சொல்லப் பழகியிருக்கிறாள்.