ஒரு இசட் படுத்தும் பாடு

நேரத்தை எழுதுவதில் என்ன கஷ்டம் என்று நினைத்தது என் தப்பு. இணைய அச்சுறுத்தல் தகவல்களைப் பரிமாறிக்கொள்வதற்கான தரநிலையான ஸ்டிக்ஸ் 2.1 தெளிவாகத்தான் சொல்கிறது: யூடிசி (உலகப் பொது நேரம்), அதைக் காட்டக் கடைசியில் இசட் (Z) எழுத்து, உருவான நேரத்துக்கும் திருத்திய நேரத்துக்கும் குறைந்தது மில்லிவிநாடித் துல்லியம். சரி. ஆனால் எங்கள் பழைய ஃபங்ஷன் பைத்தான் நிரல்மொழியில் நேரத்தை எழுத்தாக்கும் ஐசோஃபார்மட்டை அப்படியே நம்பியிருக்கிறது. அதுவோ மைக்ரோவிநாடி பூஜ்யமாக இருந்தால் புள்ளியையும் பின்னால் வரும் எண்களையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். 12:30:45.000 என்று போக வேண்டியது வெறும் 12:30:45 என்று போக, எதிர்முனையில் வாங்கும் சர்வர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிறது. மூன்று மணி நேரம் போச்சு.

அப்புறம் படிக்கிற பக்கம். 3.11 பதிப்புக்கு முந்தைய பைத்தானில், எழுத்தைத் திரும்ப நேரமாக்கும் ஃப்ரம்ஐசோஃபார்மட்டுக்கு அந்த இசட்டே புரியாது! அதனால் யாரோ (நான்தான், கோடு மாற்றப் பதிவான கமிட்டில் பெயர் இருக்கிறது) இசட்டை வெட்டிவிட்டுப் படித்ததில் அது யூடிசிக்குப் பின்தங்கிய சர்வரின் உள்ளூர் நேரமாகிப் போய், காலாவதியான ஐபி முகவரி இன்னும் தடுப்புப் பட்டியலில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.