படுத்தால் காப்பீடு, எழுந்து நடக்க?

70 வயது தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு. 2024 அக்டோபர் கடைசியில் ஆயுஷ்மான் பாரத் என்ற மத்திய அரசின் இலவசக் காப்பீட்டுத் திட்டத்தில் இதைச் சேர்த்தார்கள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் அந்தப் பணம் அசையும். டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 15 நாள் வரை மருந்து, பரிசோதனைச் செலவு, அவ்வளவுதான். பக்கவாதம் வந்தவர் 15 நாளிலா எழுந்து நடமாடுகிறார்?

என் பெரியம்மாவுக்குத் தனியார் பாலிசி. ஐசியூ, ஸ்கேன் எல்லாம் பாஸ் ஆகிவிட்டது. பில்லிங் கவுண்டரில் இருந்த பையன் பேனாவை எடுத்து டயப்பர், கையுறை, வாக்கர் என்று வரிசையாகக் கோடு போட்டான். "இதெல்லாம் நான்-பேயபிள் சார், பாலிசியில் வராது." அவனைச் சொல்லிக் குற்றமில்லை, விதி அப்படி. வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான செலவே ஆரம்பம். பிசியோதெரபிஸ்ட், பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா, படுக்கைப்புண் வராமல் இருக்க ஏர் பெட், பாத்ரூமில் கைப்பிடி. ஒன்றுக்கும் க்ளெயிம் கிடையாது.

பாலிசி எடுப்பது முன்னைவிடச் சுலபம்தான். 65 வயது வரம்பு 2024 ஏப்ரலில் போனது, 18% ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் போனது. ஆனால் முதியவர் பாலிசி பலவற்றில் கோ-பே என்று பில்லில் ஒரு பங்கை நம் தலையில்தான் கட்டுகிறார்கள்.

அரசுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 'நிராமயா' என்ற காப்பீடு இருக்கிறது. 1 லட்சம் ரூபாய்தான், ஆனால் புறநோயாளி சிகிச்சை, தெரபி, போக்குவரத்துக்குக்கூட அதில் இடமுண்டு. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன முதியவர் அந்தப் பட்டியலில் இல்லை. நம் தமிழ்நாட்டு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுபோகிறது, சரியான திசை. மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் வறிய முதியவர்களுக்குக் காது கருவி, சக்கர நாற்காலி இலவசம். (முகாம் எங்கே, எப்போது என்று விசாரித்து அலையத் தனியாக ஒரு ஆள் வேண்டும், அது வேறு கதை.)

ஆயுஷ்மான் பாரத்தின் வரம்பை ஒரு ரூபாய்கூடக் கூட்ட வேண்டாம். அந்த 5 லட்சத்திலேயே 50,000 ரூபாயை வீட்டுப் பிசியோதெரபிக்கும் உபகரணங்களுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி போடட்டும். நடக்கப் பழகாமல் திரும்ப விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த ஆபரேஷனுக்கும் அதே கணக்கிலிருந்துதானே கொடுக்கப்போகிறார்கள்?