தமிழ் டப்பிங்கில்தான் பார்க்கிறேன், அதுக்கென்ன இப்போ?

போன வாரம் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு கொரியன் சீரிஸைப் பற்றிப் பேச்சு வந்தது. நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "சப்டைட்டிலோடதான?" என்றான் ஒருத்தன். "இல்ல, தமிழ் டப்பிங்." அவ்வளவுதான். டிபன் பாக்ஸில் பல்லி விழுந்த மாதிரி என்னைப் பார்த்தார்கள். "எப்படிடா அதைக் காது கொடுத்துக் கேக்குற?"

அங்கே சிரித்து மழுப்பிவிட்டேன். இங்கே மழுப்புவதாக இல்லை.

எங்கள் வீட்டில் டிவி என்பது பாதிக்கு மேல் கேட்கிற சாமான். சாயங்காலம் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்வார். கண் காம்பில் இருக்கும், காது டிவியில் இருக்கும். யாராவது குரலை உயர்த்தினால் மட்டும் தலை நிமிரும். அவரைப் போய் சப்டைட்டில் படிக்கச் சொன்னால் கீரை யார் ஆய்வது? சப்டைட்டில் என்பது கை சும்மா இருக்கிறவர்களுக்கான ஏற்பாடு. இன்றைக்குக் கொரியாவைத் தாங்களே கண்டுபிடித்த மாதிரி பேசுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: ஓடிடி எல்லாம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே எங்கம்மா புதுயுகம் டிவியில் கொரியன் தொடர்களைத் தமிழில் பார்த்தவர். ஒரு பெயரும் வாயில் நுழையாது. "கோவக்காரப் பையன்", "அந்த மூக்குச் சளிப் பொண்ணு" என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார். கதையை ஒரு இடம் விடாமல் சொல்வார்.

டப்பிங் என்றாலே மட்டம் என்கிற எண்ணம் எப்போது வந்ததென்று தெரியவில்லை. 90 வாக்கில் 'அங்குசம்' என்ற தெலுங்குப் படம் இங்கே வந்தது. அங்குசம் நமக்கும் தெரிந்த சொல்தான், அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லையே! 'இதுதாண்டா போலீஸ்' என்று வைத்தார்கள். 'கர்த்தவ்யம்' வந்தபோது 'கடமை' என்று வைத்துவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' என்று வைத்தார்கள். போஸ்டர் ஒட்டுகிற சுவர் வரைக்கும் யோசித்த மூளை அது. இரண்டு படமும் ஓடு ஓடென்று ஓடியது.

அப்புறம் 2007-ல் சுட்டி டிவி. நான் அப்போது ஏழாவது. ஜாக்கி சான் கார்ட்டூன் பார்க்காதவன் எங்கள் வகுப்பில் கிடையாது. சான்பிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் சீனக் கிழவர் ஒருவர், தமிழில் திட்ட ஆரம்பித்தால் எங்கள் தெருமுனை மளிகைக்கடைத் தாத்தாவேதான். அவர் சொல்கிற மந்திரம் கான்டனீஸ் மொழி. பேய் பிசாசெல்லாம் சீக்கிரம் ஓடிப் போங்க என்று அர்த்தம். இது பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அர்த்தம் யாருக்கு வேண்டும்? கணக்கு வாத்தியார் வராந்தாவில் வரும்போது அடிஸ்கேலை நீட்டிப் பிடித்துக்கொண்டு நாற்பது பேரும் "யூ மோ குவாய்" என்று முணுமுணுப்போம். ஒரு நாளும் பலித்ததில்லை.

டோரா கார்ட்டூனையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கண்டதைத் திருடுகிற நரி ஒன்று வரும். ஆங்கிலத்தில் அந்த நரியின் பெயரிலேயே திருட்டு இருக்கிறது: ஸ்வைப்பர். நேராகத் தூக்கி வைத்திருந்தால் நம் பிள்ளைகளுக்கு அது வெறும் சத்தம். "குள்ளநரி திருடக்கூடாது" என்றார்கள். குள்ளநரி என்று சொன்னாலே போதும், அது யோக்கியம் இல்லை என்று இந்த ஊரில் பாட்டிகள் முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரி இன்றைக்கும் மீம்களில் ஓடுகிறது.

இப்போது என் கட்சிக்காரர்களையே கொஞ்சம் திட்ட வேண்டும். இன்று ஓடிடியில் வருகிற தமிழ் டப்பிங்கில் முக்கால்வாசி, சப்டைட்டிலை ஒருவர் சத்தம் போட்டு வாசிக்கிற மாதிரிதான் இருக்கிறது. சைக்கிளில் இருந்து விழுந்தவனிடம் ஓடிப்போய் "நீ நன்றாக இருக்கிறாயா?" என்று கேட்கிறாள் ஒருத்தி. நம் ஊரில் எவளாவது அப்படிக் கேட்பாளா? "அடி பட்டுச்சா?" என்பாள். இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. ஒரு தொடரில் சாவு வீடு. கறுப்புக் கோட்டுப் போட்ட ஆள் உள்ளே வந்து விதவையின் கையைப் பிடித்து "என்னை மன்னிச்சிடுங்க" என்றான். அம்மா கீரையை விட்டு நிமிர்ந்து, "அப்ப இவன்தான் கொன்னானா?" என்றார். அடுத்த இரண்டு எபிசோடு முழுக்க அந்த அப்பாவிதான் கொலைகாரன் என்று நம்பிக்கொண்டிருந்தார். துக்கம் விசாரிக்க வந்தவன் ஆங்கிலத்தில் சொல்கிற ஸாரியை அப்படியே மன்னிப்பாக மாற்றிய புண்ணியவான் யாரோ!

கொரியன் விஷயத்தில் எனக்கு ஆத்திரமே வரும். நம்மைப் போலவே அவர்களுக்கும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. நம்மைப் போலவே மரியாதைப் பேச்சு, உரிமைப் பேச்சு என்று தனித்தனி. வயதைக் கேட்டுத்தான் எப்படிக் கூப்பிடுவதென்றே முடிவு செய்வார்கள். தமிழுக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மொழியை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்த மாதிரி பேச வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பது ஒரே ஒரு 'யூ'. அதில் எல்லாம் கரைந்துவிடுகிறது.

ஸ்க்விட் கேம் என்று ஒரு கொரியன் தொடர், ஆட்டத்தில் தோற்றால் உயிர் போய்விடும். அதில் அலி என்ற பாகிஸ்தான் தொழிலாளி வருவான். கூட ஆடுகிற சாங்-வூவை முதலாளியைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுக்கொண்டிருப்பான். அவனோ, அப்படி வேண்டாம், 'ஹ்யங்' என்று கூப்பிடு என்பான். அண்ணன் என்று அர்த்தம். அப்புறம் அந்த அண்ணன்தான் கோலிக்குண்டு ஆட்டத்தில் அவனை ஏமாற்றிச் சாகடிப்பான். 'முதலாளி'யில் இருந்து 'அண்ணே'வுக்கு வருகிற தூரம் எவ்வளவு என்று திருப்பூருக்கு வேலைக்குப் போன எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். ஆங்கிலத்தில் பார்த்தவர்களுக்கு இந்த எடை பாதிகூடப் போய்ச் சேர்ந்திருக்காது. தமிழில் ஒற்றைச் சொல்லில் முடிகிற காரியம்.

எல்லாம் இவ்வளவு சுலபம் என்றும் சொல்ல மாட்டேன். 'ஒப்பா' என்று ஒரு சொல் இருக்கிறது. அண்ணனையும் அப்படிக் கூப்பிடுவார்கள், காதலனையும் அப்படிக் கூப்பிடுவார்கள். அண்ணா என்று போட்டால் நம் வீடுகளில் டிவியை உடைத்துவிடுவார்கள். அத்தானா, மாமாவா, பெயரா, ஒன்றும் சொல்லாமல் "இங்க பாருங்க" என்று தாண்டிவிடுவதா? அதையும் அந்தப் பெண் வாய் மூடித் திறக்கிற நேரத்துக்குள் அடக்க வேண்டும். வாய் மூடுகிற இடத்தில் ஒரு ப-வோ ம-வோ விழுந்தால் இன்னும் உத்தமம். இதை வேலையே இல்லை என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு காட்சிக்கு உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும்.

பெரிய கம்பெனிகளும் இதைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. 2019-ல் அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் தமிழில் வந்தபோது அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியைப் பேச வைத்தார்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் அந்தக் குரல் கேட்டதும் இரும்புச் சட்டைக்குள் விஜய் சேதுபதி தெரிந்தாரே தவிர அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் தெரியவில்லை. பழைய குரலையே கொண்டுவாருங்கள் என்று ரசிகர்கள் போட்ட சத்தம் நியாயமானது. அதே வருஷம் லயன் கிங்கில் காட்டுப்பன்றி பும்பாவுக்கு ரோபோ சங்கர், அதன் கூட்டாளி டிமோனுக்கு சிங்கம்புலி. அது எப்படி ஒட்டியது! இரண்டு பேரும் நட்சத்திரமாக வரவில்லை, ரெண்டு வெட்டிப்பயல்களாக வந்தார்கள்.

செந்தமிழ் பேசினாலே டப்பிங் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. விஜய் டிவியில் 2013-ல் மகாபாரதம் தொடங்கியபோது கிருஷ்ணன் பேசியது முழுக்க ஏட்டுத் தமிழ். எங்கள் தெருவே கேட்டது. கிருஷ்ணன் அப்படிப் பேசலாம். பீட்சா டெலிவரி பையன் பேசக்கூடாது, அவ்வளவுதான்.

ஆபீஸில் பேச்சு வந்த அந்தக் கொரியன் தொடருக்கு வருகிறேன். முதல் ஏழு எபிசோடும் அந்தப் பெண் அவனை நீங்க, வாங்க என்றே பேசிக்கொண்டிருந்தது. நேற்று எட்டாவது. மழை, பஸ் ஸ்டாப், ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு குடை. ரொம்ப நேரம் சும்மா நின்றுவிட்டு, "நீ சாப்ட்டியா?" என்றது.

அம்மாவின் கை முறத்தில் அப்படியே நின்றது. "ஆங்... சொல்லிட்டா" என்றார்.

இதை எழுதினவர் யார் என்று பார்த்துவிடலாம் என்று எபிசோடு முடியும்வரை காத்திருந்தேன். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த எபிசோடு தொடங்கிவிட்டது. பின்னால் போய் நிறுத்தலாம் என்றால் அம்மா விடவில்லை. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்க. அவன் என்ன பதில் சொல்றான்னு பாரு."