பள்ளக் காணியில் வளரும் நகரம்

கிராமத்து வறுமை ஆட்களை நகரத்துக்குத் தள்ளுகிறது, நகரம் வீங்குகிறது என்கிறது நகரமயமாதல் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. இலங்கையின் மட்டக்களப்பிலிருந்து பார்த்தால் இது பாதிதான் சரி. வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரை ஏழைக்கு நகரத்தில் குடியேறவே வழியில்லை. விடியுமுன் பாலம் கடந்து மேசன் வேலைக்கு வருகிறார், இருட்டியதும் திரும்பிவிடுகிறார். 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததால் வாவியைக் கடப்பது எளிதாயிற்று, அவ்வளவுதான்.

வளவு வாங்க முடிந்தவர்களும், பெரும்பாலும் வீட்டுப் பெண் மத்திய கிழக்கில் உழைத்து அனுப்பிய காசில், வாவியோரப் பள்ளக் காணியைத்தான் வாங்குகிறார்கள். விலை குறைவு. மழைநீர் இறங்கும் இடமும் அதுவே. ஒருவர் கிரவல் கொட்டி உயர்த்தினால், மாரியில் அடுத்த வளவுக்காரர் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். (எங்கள் ஒழுங்கையில் நடந்தது, உயர்த்தியவன் நான்தான்.)

இன்னொன்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நகர மக்கள் 18.2 வீதம் மட்டுமே! மாநகர, நகர சபை எல்லைக்குள் இருப்பவர்களைத்தான் நகரத்தவர் என்று எண்ணுகிறார்கள். மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள ஆரையம்பதியும் களுவாஞ்சிகுடியும் பிரதேச சபைக்குள் இருப்பதால் கணக்கில் கிராமம். கட்டுரையாளர் அந்தத் தெருக்களில் ஒருமுறை நடந்துவிட்டு, நகரம் எங்கே முடிகிறது என்று சொல்லட்டும்.