இரண்டு சர்வர் எழுதினால் சுமை பிரியாது

லினக்ஸில் பயனர் லாகினை மைய சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கும் எஸ்எஸ்எஸ்டி (SSSD) சேவையின் அமைப்புக் கோப்பில், எல்டேப் யூஆர்ஐ (ldap_uri, பயனர் விவரங்களை வைத்திருக்கும் எல்டேப் சர்வர்களின் முகவரி) வரியில் இரண்டு சர்வர்களைக் கமா போட்டு எழுதினால், லாகின் கோரிக்கைகள் இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் போகும் என்று இந்த உரையாடலில் சிலர் சொல்லியிருக்கிறார்கள், நிறையப் பேர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். அப்படி நடக்காதுங்க. அது முன்னுரிமை வரிசை. முதல் சர்வர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்வரை எல்லாம் அதற்குத்தான் போகும், அது விழுந்தால்தான் இரண்டாவதுக்கு வேலை.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். எஸ்எஸ்எஸ்டி-எல்டேப் (sssd-ldap) மேன் பக்கத்தில், அதாவது அதன் கையேட்டில், ஃபெயிலோவர் (ஒரு சர்வர் விழுந்தால் அடுத்ததற்கு மாறுவது) பகுதியைப் படியுங்கள், நேரடியாகவே எழுதியிருக்கிறது. அப்புறம் ரூட்டாக இருந்து, டொமைன் பெயரோடு எஸ்எஸ்எஸ்சிடிஎல் டொமைன்-ஸ்டேட்டஸ் (sssctl domain-status) கட்டளையைக் கொடுத்தால், ஆக்டிவ் சர்வர் என்ற இடத்தில் எல்டேப்புக்கு ஒரே ஒரு பெயர்தான் வரும். சோதனைச் சூழலில் முதல் சர்வரின் ஸ்லாப்டியை (slapd, எல்டேப் சர்வர் நிரல்) நிறுத்திவிட்டு, கேஷில் (எஸ்எஸ்எஸ்டி ஏற்கெனவே சேமித்து வைத்த விவரங்களில்) இல்லாத ஒரு பயனரை ஐடி (id) கட்டளையில் கேளுங்கள் (கேஷில் இருப்பவரைக் கேட்டால் சர்வர் பக்கமே போகாமல் பதில் வந்துவிடலாம், பலரும் ஏமாறுவது இங்கேதான்), பிறகு திரும்ப ஸ்டேட்டஸ் பார்த்தால் அந்த இடத்தில் இரண்டாவது சர்வரின் பெயர் இருக்கும்.

சுமையைப் பிரித்தே ஆக வேண்டுமென்றால், பாதி கிளையன்ட்களில் வரிசையை மாற்றி எழுதுங்கள், இல்லையென்றால் சர்வர்களுக்கு முன்னால் ஒரு லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் அமைப்பு) வையுங்கள்.